முணுமுணுத்த பியானோ மேதை

1955-ம் ஆண்டு. ஜனவரி 11-ந் தேதி. அமெரிக்காவில் நியூயார்க் நகரத்தில் "டவுன் ஹால்" என்ற மண்டபத்தில் ஒரு பியானோ கச்சேரி.

மேடைக்கு வந்தவர் ஒரு வாலிபர். வயது 22. ஒல்லியான உருவம். கனடா நாட்டிலிருந்து வந்திருந்தார். நியூயார்க்கில் அவருக்கு அதுதான் முதல் கச்சேரி.

பியானோ வாசிப்பவர்கள் உயரமான பெஞ்சில் நிமிர்ந்து உட்காருவார்கள். அதுதான் வழக்கம். இந்த வாலிபர் உட்கார்ந்ததோ, கால் அறுக்கப்பட்ட ஒரு மடக்கு நாற்காலியில்! தரையிலிருந்து அதன் உயரம் 14 அங்குலம். ஒரு முழம் கூட இல்லை. அதில் அவர் கூனிக் குறுகி உட்கார்ந்தார். முகம் ஏறக்குறைய பியானோவைத் தொட்டது.

வாசிக்கத் தொடங்கினார். பியானோவின் நாதத்தோடு இன்னொரு சத்தமும் கேட்டது. யாரோ "உம்... உம்..." என்று முணுமுணுப்பது போல இருந்தது. முணுமுணுத்தவர் வேறு யாரும் அல்ல. வாசித்தவரே தான்!

அவர் பெயர் கிளென் கூல்டு. மறுநாளே, கொலம்பியா இசைத்தட்டுக் கம்பெனி அவருடன் ஒப்பந்தம் பேச முன்வந்தது. பிறகு உலகம் முழுவதும் அவர் பெயர் பரவியது.

புகழ் வந்த இடத்துக்கெல்லாம் கேலியும் கூடவே வந்தது. கேலிக்குக் காரணம், மேடையில் அவருக்கு இருந்த பழக்கங்கள். அந்தப் பழக்கங்கள் எங்கிருந்து வந்தன? அவற்றை அவர் ஏன் விடவில்லை?

தாயார் சொன்ன பாடம்

கனடாவில் டொராண்டோ ஒரு பெரிய நகரம். அங்கே 1932-ம் ஆண்டு செப்டம்பர் 25-ந் தேதி கூல்டு பிறந்தார். தகப்பனார் கம்பளித் தோல் ஆடை வியாபாரி. தாயார் புளோரன்ஸ் சங்கீத ஆசிரியை. அவர்களுக்கு ஒரே பிள்ளை.

குழந்தைக்கு மூன்று வயது இருக்கும்போதே, ஒரு சுரத்தைக் கேட்டால் அது எந்தச் சுரம் என்று சொல்லி விடுவான். எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்பதற்கு முன்பே, இசைக் குறிப்பைப் படிக்கக் கற்றுக் கொண்டான்.

தாயார்தான் முதல் குரு. மகனைப் பக்கத்தில் உட்கார வைத்துப் பியானோ சொல்லிக் கொடுத்தார். அப்போது ஒரு விதி வைத்திருந்தார். விரல் எதை வாசிக்கிறதோ, அதை வாயும் பாட வேண்டும் என்பதே அந்த விதி.

நல்ல பாடம்தான். வாயால் பாடினால் மனத்தில் பதியும். மனத்தில் பதிந்தால் விரல் தடுமாறாது. பையன் அப்படியே செய்தான். நாளடைவில் விரலும் வாயும் இணைபிரியாத தோழர்கள் ஆகிவிட்டன. பிற்காலத்தில் ஆயிரம் பேர் கூடிய சபையில் வாசித்தபோதும் வாய் சும்மா இருக்க மறுத்தது.

தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். கூல்டு விஷயத்தில் அது முற்றிலும் உண்மையாயிற்று.

குருவின் வழி

பத்து வயதுக்குப் பிறகு, டொராண்டோ சங்கீதப் பள்ளியில் ஆல்பர்ட்டோ கெரேரோ என்பவரிடம் பியானோ கற்றுக் கொண்டார். கெரேரோ தென் அமெரிக்காவில் உள்ள சிலி நாட்டுக்காரர்.

பியானோவில் ஆர்மோனியத்தைப் போலவே கறுப்பு, வெள்ளைக் கட்டைகள் உண்டு. மொத்தம் 88. ஒரு கட்டையை அழுத்தினால், உள்ளே ஒரு சிறிய சுத்தியல் எழும்பிக் கம்பியைத் தட்டும். நாதம் பிறக்கும். பலர் தோளின் பலத்தையும் கையின் கனத்தையும் சேர்த்துக் கட்டைகளை அடித்து வாசிப்பார்கள்.

கெரேரோவின் வழி வேறு. அவர் தாழ்வாக உட்காருவார். மேலிருந்து அடிக்க மாட்டார். விரல் நுனியால் கட்டையைத் தன் பக்கம் இழுப்பதுபோல் அழுத்துவார். தோளுக்கு வேலை இல்லை. எல்லாம் விரலின் வேலை.

இந்த வழியை மாணவர் அப்படியே பிடித்துக் கொண்டார். இதனால் அவர் வாசிப்பில் ஒவ்வொரு சுரமும் முத்து முத்தாகத் தனித்துக் கேட்டது. எத்தனை வேகமாக வாசித்தாலும் ஒன்றோடு ஒன்று ஒட்டவில்லை.

சிறு வயதில் நடந்த ஒரு சம்பவத்தைக் கூல்டு பிற்காலத்தில் அடிக்கடி சொல்வதுண்டு. ஒரு நாள் அவர் வீட்டில் பியானோ பழகிக் கொண்டிருந்தார். வேலைக்காரப் பெண் பக்கத்தில் வந்து, தூசி உறிஞ்சும் மின்சார யந்திரத்தை ஓட விட்டாள். அந்த இரைச்சலில் பியானோ சத்தம் அமுங்கிப் போயிற்று. ஆனாலும் அவர் வாசிப்பதை நிறுத்தவில்லை. காதில் விழாத சங்கீதம் மனத்துக்குள் ஒலித்தது. வெளியே கேட்டதை விட அது அழகாக இருந்தது!

அன்று அவருக்கு ஓர் உண்மை புரிந்தது. சங்கீதம் முதலில் இருப்பது மனத்தில். வாத்தியத்துக்கு அது பிறகுதான் வருகிறது.

முணுமுணுப்பின் ரகசியமும் இதுதான். மனத்தில் ஒலித்த சங்கீதத்தைப் பியானோ முழுவதும் கொடுக்க முடியாதபோது, மிச்சத்தை வாய் கொடுக்கப் பார்த்தது.

தகப்பனார் செய்த நாற்காலி

தாழ்வாக உட்கார்ந்து பழகியவருக்குக் கடையில் விற்கும் பெஞ்சு சரிப்படவில்லை. 1953-ம் ஆண்டில் தகப்பனார் ஒரு யோசனை செய்தார். சீட்டாட்ட மேஜைக்குப் போடும் சாதாரண மடக்கு நாற்காலி ஒன்றை எடுத்தார். அதன் கால்களை அறுத்தார். ஒவ்வொரு காலிலும் பித்தளைப் பிடியும் திருகும் வைத்தார். திருகைத் திருப்பினால் அந்தக் கால் ஏறும், இறங்கும்.

அந்த நாற்காலி கிடைத்ததும், கூல்டு வேறு எதிலும் உட்கார்ந்து வாசிக்கச் சம்மதிக்கவில்லை. எந்த ஊருக்குப் போனாலும் நாற்காலியும் கூடவே போயிற்று. ரயிலில் போயிற்று. கப்பலில் போயிற்று. விமானத்திலும் போயிற்று.

நாற்காலியை அதற்கு மேல் தாழ்த்த முடியாத நிலை வந்தால் என்ன செய்வது? பியானோவை உயர்த்தச் சொல்வார்! அதன் கால்களுக்கு அடியில் மரக்கட்டைகளை வைப்பார்கள்.

மேடையில் நடந்த கூத்து

கச்சேரிக்குப் போன ரசிகர்கள் என்னென்ன பார்த்தார்கள்?

கூல்டு கால் மேல் கால் போட்டுக் கொண்டு வாசிப்பார். சில சமயம் காலுக்கு அடியில் ஒரு சிறு கம்பளம் வேண்டும் என்பார். பியானோவின் மேல் ஒரு தம்ளர் தண்ணீர் இருக்கும். நடுவே எடுத்துக் குடிப்பார்.

ஒரு கை மட்டும் வாசிக்க வேண்டிய இடம் வரும். அப்போது மற்றொரு கை சும்மா இராது. மேலே எழும்பி வட்டமிடும். வாத்தியக் குழுவை நடத்துகிறவர் கையை அசைப்பது போல அசைக்கும். தன் இடது கையைத் தன் வலது கையே நடத்தும்! உடம்பு முழுவதும் வட்டமாக ஆடும். நாற்காலி "கிரீச், கிரீச்" என்று கத்தும்.

இவற்றை எல்லாம் பொறுத்துக் கொள்ளலாம். கண்ணை மூடிக் கொண்டால் போதும். ஆனால் முணுமுணுப்பைக் கேட்காமல் இருக்கக் காதை அல்லவா மூட வேண்டும்? காதை மூடினால் பியானோவும் கேட்காதே!

மேடைக்கு வெளியேயும் அவர் தினுசே வேறு. குளிர் என்றால் பயம். கோடை காலத்திலும் கம்பளிக் கோட்டு, கழுத்துத் துண்டு, தொப்பி, கையுறை எல்லாம் அணிந்து கொள்வார். வாசிப்பதற்கு முன் 20 நிமிடம் கைகளைச் சுடுநீரில் வைத்திருப்பார். மாத்திரைப் புட்டிகள் எப்போதும் கூட இருக்கும். உடம்பு சரியில்லை என்று பல கச்சேரிகளை ரத்து செய்திருக்கிறார்.

அமெரிக்காவின் தென் பகுதியில் புளோரிடா என்ற ராஜ்யம் உண்டு. வெயில் நிறைந்த இடம். அங்கே ஒரு நாள் அவர் பூங்கா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கோட்டும் தொப்பியும் கையுறையுமாக இருந்தவரைப் பார்த்துப் போலீசாருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. வீடு வாசல் இல்லாத நாடோடி என்று எண்ணிப் பிடித்து விட்டார்கள்!

38 நிமிட இசைத்தட்டு

கொலம்பியா கம்பெனிக்காக முதல் இசைத்தட்டு 1955-ம் ஆண்டு ஜூன் மாதம் பதிவாயிற்று. நியூயார்க்கில் முன்பு கிறிஸ்தவர் கோயிலாக இருந்த ஒரு கட்டடத்தில் பதிவு நடந்தது. அது கோடை காலம். கூல்டு வழக்கம்போல் கோட்டும் கையுறையுமாக வந்து சேர்ந்தார். கூடவே நாற்காலி, மாத்திரைகள், குடிதண்ணீர்ப் புட்டிகள்!

அவர் வாசித்தது, ஜெர்மனி தேசத்துச் சங்கீத மேதை பாக் இயற்றிய "கோல்ட்பெர்க்" என்ற பெரிய உருப்படி. 1741-ம் ஆண்டில் அச்சில் வந்தது. முதலில் ஓர் அமைதியான மெட்டு. அதன் அடிப்படையில் 30 விதமான மாறுதல்கள். முடிவில் மறுபடியும் அதே மெட்டு.

அந்தக் காலத்தில் பியானோவில் அதை வாசிக்கத் துணிந்தவர்கள் குறைவு. பொது ஜனங்களுக்குப் பிடிக்காது என்ற எண்ணமும் இருந்தது. கூல்டு அதைப் பாய்ந்து செல்லும் வேகத்தில் வாசித்தார். 38 நிமிடத்தில் முடித்து விட்டார்.

1956-ம் ஆண்டில் இசைத்தட்டு வெளிவந்தது. ரசிகர்கள் போட்டி போட்டுக் கொண்டு வாங்கினார்கள். 23 வயதில் அவர் உலகப் புகழ் பெற்று விட்டார்.

தட்டைக் கவனமாகக் கேட்டவர்கள் இன்னொன்றையும் கேட்டார்கள். பியானோவுக்குப் பின்னால், மெல்லிய குரலில் முணுமுணுப்பு!

மாஸ்கோவில் நடந்த அதிசயம்

1957-ம் ஆண்டு மே மாதம் சோவியத் ரஷ்யாவுக்குப் போனார். இரண்டாவது உலக யுத்தத்துக்குப் பிறகு வட அமெரிக்காவிலிருந்து அங்கே போய் வாசித்த முதல் பியானோ வித்வான் அவர்தான்.

மாஸ்கோவில் மே 7-ந் தேதி கச்சேரி. அங்கே அவர் பெயர் யாருக்கும் தெரியாது. மண்டபத்தில் பல இடங்கள் காலி. முதல் பகுதி முடிந்தது. இடைவேளை வந்தது. கேட்டவர்கள் டெலிபோனைத் தேடி ஓடினார்கள். நண்பர்களைக் கூப்பிட்டு, உடனே புறப்பட்டு வரும்படி சொன்னார்கள். இரண்டாவது பகுதி தொடங்கியபோது மண்டபம் நிரம்பி வழிந்தது!

மொழி தெரியாத ஊர். முன்பின் அறியாத ஜனங்கள். நாற்காலியையும் முணுமுணுப்பையும் அவர்களும் கவனித்திருப்பார்கள். ஆனால் சங்கீதம் அவர்களைக் கட்டிப் போட்டு விட்டது.

கேலி துரத்தியது

மற்ற ஊர்களில் எல்லாம் அப்படி இல்லை. பத்திரிகைகளில் கச்சேரியைப் பற்றி எழுதியவர்கள், பாதி இடத்தை நாற்காலிக்கும் ஆட்டத்துக்கும் முணுமுணுப்புக்கும் கொடுத்தார்கள். வாசிப்பைப் பற்றிச் சொல்ல வேண்டியது பின்னால் போயிற்று. சிலர் அவர் வேண்டுமென்றே விளம்பரத்துக்காகச் செய்கிறார் என்றார்கள். வேறு சிலர் சபை மரியாதை தெரியாதவர் என்றார்கள். டிக்கெட் வாங்கியவர்களிலும் சிலர் வேடிக்கை பார்க்கவே வந்தார்கள்.

கூல்டுக்கு இது வேதனையைத் தந்தது. முணுமுணுப்பு ஒரு குறை என்பதை அவர் மறுத்ததே இல்லை. அது தன்னை அறியாமல் வருவது என்றார். முடிந்தால் விட்டுவிட ஆசைதான். ஆனால் அதை அடக்கினால் வாசிப்பு கெட்டுப் போகிறது என்றும் சொன்னார். வாயைக் கவனித்தால் விரல் தவறுகிறது. விரலைக் கவனித்தால் வாய் பாடுகிறது. இரண்டில் எதை விடுவது? அவர் விரலைக் காப்பாற்றினார். கேலியைச் சகித்துக் கொண்டார்.

சபையோரிடம் அவருக்கு ஒரு பயமும் வளர்ந்தது. சர்க்கஸ் கம்பியின் மேல் நடப்பவனைப் பார்ப்பது போலத் தன்னைப் பார்க்கிறார்கள், எப்போது தவறி விழுவான் என்று காத்திருக்கிறார்கள் என்று எண்ணினார். கைதட்டலும் அவருக்குப் பிடிக்கவில்லை. கைதட்டலையே நிறுத்தி விட வேண்டும் என்று 1962-ம் ஆண்டில் ஒரு கட்டுரை எழுதினார்.

ஊர் ஊராக அலைவது, ஓட்டல் அறைகள், குளிர், பழக்கமில்லாத பியானோக்கள் எல்லாம் சேர்ந்து அவரை வாட்டின.

கடைசிக் கச்சேரி

1964-ம் ஆண்டு ஏப்ரல் 10-ந் தேதி. அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரம். கூல்டு பீத்தோவனையும் பாக்கையும் வாசித்தார். கச்சேரி முடிந்தது. வணங்கி விட்டு உள்ளே போனார்.

அதுவே அவருடைய கடைசிக் கச்சேரி! சபையில் இருந்தவர்களுக்கு அது தெரியாது. முன்னறிவிப்பு இல்லை. பிரிவுபசாரம் இல்லை. அப்போது அவருக்கு வயது 31தான். வாழ்நாளில் அவர் செய்த கச்சேரிகள் 200-க்கும் குறைவு.

பிறகு எவ்வளவு பணம் கொடுத்தாலும் மேடை ஏறவில்லை. திரும்பி வந்து விடுவார் என்று பலர் நினைத்தார்கள். அவர் வரவே இல்லை.

மூடிய அறையில் சங்கீதம்

மேடையைத்தான் விட்டார். சங்கீதத்தை விடவில்லை. ஒலிப்பதிவு நிலையம் அவருக்கு வீடாயிற்று. அங்கே வேடிக்கை பார்க்க ஜனங்கள் இல்லை. எப்படி வேண்டுமானாலும் உட்காரலாம். ஓர் இடம் திருப்தி இல்லை என்றால் மறுபடி வாசிக்கலாம். நல்ல பகுதிகளை எடுத்து ஒன்றாக ஒட்டலாம். அப்படி ஒட்டுவது மோசடி என்று சிலர் சொன்னார்கள். ரசிகருக்கு மிகச் சிறந்ததைக் கொடுப்பது எப்படி மோசடி ஆகும் என்பது கூல்டின் வாதம்.

ஆனால் முணுமுணுப்பு அங்கேயும் துரத்திக் கொண்டு வந்தது! மைக் எல்லாவற்றையும் பிடித்து விட்டது. ஒலிப்பதிவுக்காரர்கள் எவ்வளவோ முயன்றார்கள். குரலைக் குறைக்க முடிந்ததே தவிர, அடியோடு நீக்க முடியவில்லை. நாற்காலியின் "கிரீச்" சத்தமும் சில பதிவுகளில் கேட்கும். நாற்காலியோ வரவரத் தேய்ந்தது. உட்காரும் மெத்தை கிழிந்து போயிற்று. கடைசியில் வெறும் சட்டம்தான் மிச்சம். அதன் மேலேயே உட்கார்ந்து வாசித்தார். தகப்பனார் செய்து கொடுத்ததை மாற்ற மனம் வரவில்லை.

கனடா ரேடியோவுக்காகவும் பல நிகழ்ச்சிகள் தயாரித்தார். 1967-ம் ஆண்டில் கனடாவின் வட பகுதியைப் பற்றி ஒரு நிகழ்ச்சி செய்தார். அதில் பலர் பேசும் குரல்கள் ஒன்றின் மேல் ஒன்றாகக் கேட்கும். பாக்கின் சங்கீதத்தில் பல குரல்கள் ஒன்றையொன்று துரத்துவது போலவே அதை அமைத்திருந்தார்.

அவர் கல்யாணம் செய்து கொள்ளவில்லை. இரவெல்லாம் விழித்திருந்து வேலை செய்வார். நண்பர்களோடு நள்ளிரவில் டெலிபோனில் மணிக்கணக்காகப் பேசுவார். நேரில் பார்ப்பது அபூர்வம். மேடையை விட்டதால் அமைதி கிடைத்தது. அதற்கு விலையாகத் தனிமையும் வந்தது.

1977-ம் ஆண்டில் அமெரிக்கா "வாயேஜர்" என்ற இரண்டு விண்கலங்களை அனுப்பியது. உலகத்தின் சத்தங்களையும் சங்கீதத்தையும் பதிவு செய்த தட்டு ஒன்று ஒவ்வொரு கலத்திலும் வைக்கப்பட்டது. அதில் கூல்டு வாசித்த பாக்கின் இசையும் ஒன்று. ஆயிரம் பேர் முன்னால் வாசிக்க அஞ்சியவரின் சங்கீதம், நட்சத்திரங்களுக்கு இடையே உள்ள வெளிக்கே போயிற்று!

மறுபடியும் அதே மெட்டு

1981-ம் ஆண்டில் கூல்டு ஒரு காரியம் செய்தார். தமக்குப் புகழ் தேடிக் கொடுத்த "கோல்ட்பெர்க்" உருப்படியை மறுபடி வாசித்துப் பதிவு செய்தார். அதே நியூயார்க் நகரம். அதே பழைய கட்டடம். அதே நாற்காலி!

ஆனால் வாசிப்பு மாறியிருந்தது. வாலிப வேகம் போய்விட்டது. நிதானமும் ஆழமும் வந்திருந்தன. முன்பு 38 நிமிடத்தில் முடிந்தது, இப்போது 51 நிமிடம் ஆயிற்று.

அந்த வாசிப்பைப் படமாகவும் எடுத்திருக்கிறார்கள். கூனிக் குறுகிய உருவம், தடித்த கண்ணாடி, அசையும் உதடுகள் எல்லாம் படத்தில் தெரிகின்றன. இருபத்தாறு வருஷங்களில் எத்தனையோ மாறிவிட்டன. முணுமுணுப்பு மட்டும் மாறவில்லை.

1982-ம் ஆண்டு செப்டம்பர் மாதம் அந்தப் பதிவு வெளிவந்தது. அந்த மாதம் 25-ந் தேதி அவருக்கு 50 வயது நிறைந்தது. இரண்டே நாளில் மூளையில் ரத்த ஓட்டம் தடைப்பட்டுப் படுத்து விட்டார். அக்டோபர் 4-ந் தேதி டொராண்டோவில் காலமானார். தாயார் 1975-ம் ஆண்டிலேயே மறைந்திருந்தார். வயதான தகப்பனார் மகனைப் பறிகொடுக்க நேர்ந்தது.

தம் சொத்தைக் கூல்டு இரண்டு பங்காக எழுதி வைத்திருந்தார். ஒரு பங்கு, ஏழைகளுக்கு உதவும் ரட்சணிய சேனைக்கு. மற்றது, டொராண்டோவில் பிராணிகளைக் காக்கும் சங்கத்துக்கு. சிறு வயது முதல் அவருக்கு நாய்கள் என்றால் உயிர்.

தாய் தந்தையருக்கு உரிய இடத்திலேயே அவரும் அடக்கமாகி இருக்கிறார். கல்லறைக் கல்லில் "கோல்ட்பெர்க்" மெட்டின் முதல் சில சுரங்கள் பொறிக்கப்பட்டிருக்கின்றன.

கால் அறுத்த அந்த நாற்காலியைக் கனடாக்காரர்கள் எறிந்து விடவில்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துக் காப்பாற்றினார்கள். ஒரு காலத்தில் அதைக் கேலி செய்த உலகம், பிறகு அதைப் பார்ப்பதற்கென்றே வந்தது.

முணுமுணுப்பும் அப்படித்தான். கூல்டின் பதிவுகளைக் கேட்பவர்கள் இன்று அதைக் குறையாக நினைப்பது குறைவு. பியானோவுக்குப் பின்னால் அந்த மெல்லிய குரல் கேட்டதும், வாசிப்பது கூல்டுதான் என்று தெரிந்து கொள்கிறார்கள். விரல் வாசிப்பதை வாயும் பாட வேண்டும் என்று ஒரு தாய் தன் குழந்தைக்குச் சொல்லிக் கொடுத்த பாடம், அந்தத் தட்டுகளில் இன்னும் ஒலித்துக் கொண்டிருக்கிறது.